மீன் நிற்கிற இடம்

அவள் பெயரை நான் கேட்டதே இல்லை. நாலு வருஷம், வாராவாரம் வியாழக்கிழமை எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவள். தி.நகரில் துணிக்கடைக் கூட்டம் எட்டாத ஒரு குறுக்குச் சந்தில் எங்கள் பில்டிங். மொத்தம் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் அவள் ‘கொசு அம்மா’. எங்கெங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, கொசுப்புழு நெளிகிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற கார்ப்பரேஷன் வேலை அவளுக்கு. புடவைக்கு மேல் ஒரு ஆம்பிளைச் சட்டை, கையில் டார்ச், தோளில் துணிப்பை. என் வயதுதான் இருக்கும். பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு குணம். யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். சண்டை போட மாட்டாள், முகத்தைச் சுளிக்க மாட்டாள், “சரி யக்கா” என்பாள். சொல்லிவிட்டு நேரே போய்த் தன் கண்ணால் பார்ப்பாள்.

“எங்க வீட்டுல எங்கயும் தண்ணி தேங்கலைன்னு சொல்றேனே, காதுல விழலையா?”

“வியுந்துச்சு யக்கா. நீ சொல்றது கரீட்டுதான். தோ, பார்த்துட்டுப் போய்க்கினே இருக்கேன்.”

பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்குமே, அதை இழுத்து டார்ச் அடித்தாள். உள்ளே நூல் நூலாக நெளிந்தது. எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் எரிச்சல். அந்த பில்டிங்குக்கு செக்ரட்டரி நான். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். செக்ரட்டரி வீட்டிலேயே புழு என்றால் மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் சும்மா இருப்பார்களா? அவள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அவளுடைய உயிரெல்லாம் எங்கள் கிணற்றில்தான் இருந்தது. பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டினபோது கிணற்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். செங்கல் கட்டு, முப்பதடி ஆழம், மேலே வலை போட்ட இரும்பு மூடி. மொட்டைமாடியில் பெய்கிற மழையெல்லாம் ஒரு குழாய் வழியாக அதில் வந்து விழும். ஆபீசில் கொடுக்கிற பொடி மீனை அதில் கொண்டுவந்து விட்டாள். அதோடு நிற்கவில்லை. பெருங்குடி தாண்டி எங்கேயோ அவள் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே பக்கத்து ஏரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஜிலேபி மீன்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு பஸ் மாறி எடுத்துவந்தாள்.

“இது வேற எதுக்கு? அதான் ஒண்ணு விட்டாச்சே?”

“அந்தப் பொடிசு மேலயே சுத்திகினு கெடக்கும் யக்கா. கொசுவத் துன்னும், அத்தோட சரி. கீய இன்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. இவன் மேலயும் வருவான், கீயயும் போவான்.”

“கீழ நடக்கறது நமக்கு எதுக்கும்மா?”

“கீய இருக்கறதத்தானே மோட்டர் போட்டு மேல ஏத்திக் குளிக்கிறீங்க?”

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது! ஆனால் சிரிப்பும் வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தால் மூடியின் கதவைத் திறந்து, இடுப்பை மேடையில் சாய்த்து, எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பத்து நிமிஷம் யாரோடும் பேச்சில்லை. நான் காபி கொண்டுபோய் வைத்தாலும் ஆறித்தான் போகும். அப்புறம் நிமிர்ந்து, “அதது அது எடத்துல கீது. நாம நம்ம வேலயப் பார்க்கலாம்” என்பாள்.

அது எடம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. ஐப்பசி மழையில் மாடித் தண்ணீர் குழாயில் கொட்டும்போது மீன்கள் அத்தனையும் குழாய்க்கு நேர் கீழே, தண்ணீர் விழுகிற பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். மேலிருந்து அடித்துக்கொண்டு வருகிற பூச்சி, பூ, இலை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். மார்கழி பிறந்தால் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. மேல் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். எல்லாம் அடியில் ஊற்றுக்கண் பக்கம் போய் ஒண்டிக்கொள்ளும். பதினொரு மணிக்கு மேல் வெயில் உள்ளே இறங்கினால்தான் நாலைந்து முதுகு தெரியும். மாசியில் அடி மண்ணில் தட்டுத் தட்டாகப் பள்ளம் பறித்து முட்டை போடும்; பொரிகிற குஞ்சைப் பெரிசுகளே தின்றுவிடும். சித்திரையில் உச்சி வெயில் நேராக உள்ளே விழுமா, அப்போது நடுத் தண்ணீரில் ஒன்றும் இருக்காது. வடக்குச் சுவரில் நாலு செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. அதன் நிழலில் ஆழத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

“மயைக்கு பால்கனி, குளுருக்கு பெட்ரூம்பு, வெயிலுக்கு ஏசி ரூம்பு. உங்க வூட்ட விட அதுங்க வூடு ஒயுங்கா கீது” என்று என்னைக் கிண்டல் பண்ணுவாள்.

ஒரு மார்கழியில் நான் அவளிடம், “எல்லாம் செத்துப் போச்சு போல இருக்கு, ரெண்டு வாரமா ஒண்ணையும் காணோம்” என்றேன். அவள் பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். அரை மணி நேரம். எனக்குக் கால் வலித்து நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அப்புறம் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது: “யக்கா, பதினொண்ணு! ஒண்ணு அடியிலயே கீது, சோம்பேறி.”

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றும் உண்டு. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் மீன்களெல்லாம் ஒரு பக்கச் சுவரை விட்டு விலகி எதிர்ப்பக்கமே நிற்கின்றன என்று பார்த்து, “அந்தப் பக்கம் கலீஜ் தண்ணி கசியுது, குடிக்காதீங்க” என்று சொன்னாளாம். அந்த வீட்டுக்காரர், “மீன் ஜோசியமா?” என்று சிரித்து அனுப்பிவிட்டார். இருபது நாளில் அந்த வீட்டில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. இதை எனக்குச் சொன்னபோது, நான் சொன்னது பலித்தது பார் என்கிற பெருமை அவள் குரலில் இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னும் ரெண்டு வாட்டி போயி சண்ட போட்டிருக்கணும், வுட்டுட்டேன்” என்றாள். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அவள் கிணற்றை எட்டிப் பார்க்கிறபோது நான் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நாலாவது சித்திரையில் அந்த முகம் மாறியது.

அந்த வருஷம் தண்ணீர்க் கஷ்டம். கிணற்றில் ஆறேழு அடிதான் கிடந்தது, அதுவும் கலங்கல். தூர் வாரியே ஆகவேண்டும் என்று ஏழு வீட்டுக்காரர்களும் என் உயிரை எடுத்தார்கள். கோடம்பாக்கத்தில் கிணறு இறங்குகிற ஆள் ஒருவன், நல்ல அனுபவசாலி. அவனை ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை அவள் வந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் வர நேரமாகி, உச்சி வெயில். மீன்கள் அத்தனையும் மேலே, வெட்டவெயிலில், வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன.

“யக்கா, இன்னா கொட்டினீங்க உள்ள?”

“ஒண்ணும் கொட்டலையே.”

“இந்த வெயில்ல இவன் பொந்து பக்கம் அடியில இருக்கணும். மேல வரான்னா கீய இருக்க முடியலன்னு அர்த்தம். காத்தும் கெட்டுப் போயிருக்கும். எங்கியோ கக்கூஸ் லைன் ஒடஞ்சிருக்கும் பாரு. ஒருத்தரும் இதுக்குள்ள எறங்கக் கூடாது. சொல்ட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை தூர் வார ஆள் வருதே...”

“வேணாம்னு சொல்லு. சனிக்கியம ஆபீசர இட்டுகினு வர முடியுமான்னு பார்க்கறேன். இல்லாங்காட்டி ஞாயித்துக்கியம நானாவது வரேன்.”

சரி என்றேன். மனசுக்குள், பசியில் மேலே வந்திருக்கும், இவளுக்கு எதற்கெடுத்தாலும் பூதம் என்று நினைத்தேன். இவன் போனால் அடுத்த ஆள் கிடைக்க ஒரு மாசமாகும்; அதுவரை ஏழு வீட்டு வாயிலும் யார் விழுவது? ஆளை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அத்தனை மீனும் செத்து மிதந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். என்னத்தைச் சொல்ல! எனக்கு வந்தது பயம். காற்றைப் பற்றி இல்லை, கிணற்றுக்குள் இறங்கப் போகிறவனைப் பற்றியும் இல்லை. அவள் ஆபீசரோடு வந்து செத்த மீனைப் பார்த்தால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தெருவே பார்க்கும், செக்ரட்டரி லட்சணத்தைப் பார் என்பார்கள். அந்த பயம்தான். வாளியை விட்டு எல்லாவற்றையும் நானே அள்ளி, குழி தோண்டிப் புதைத்தேன். சாயங்காலம் மீன்தொட்டி விற்கிற கடைக்குப் போய், பார்க்க அதே சாம்பல் நிறமாக, அதே அளவாக ஒரு டஜன் வாங்கிவந்து பக்கெட்டில் வைத்தேன். ஆபீசர் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், யாரும் பார்ப்பதற்குள் அவற்றைக் கிணற்றில் விட்டேன்.

எட்டு மணிக்குக் கிணற்றாள் வந்தான், கயிறு, கப்பி, மச்சான் சகிதமாக. முதல் கேள்வியே, “மீன் கீதாம்மா உள்ள?”

கிணறு இறங்குகிறவர்களுக்கு அது ஒரு வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மீன் நன்றாக இருந்தால் அப்படியே இறங்குவார்களாம். மீன் இல்லாத கிணறு என்றால் வாளியில் மெழுகுவத்தி ஏற்றி விட்டுப் பார்ப்பார்களாம்.

“இருக்கே, நெறைய இருக்கு” என்றேன்.

அவன் எட்டிப் பார்த்தான். விட்டு இரண்டு மணி நேரமே ஆன புது மீன்கள் சுறுசுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. “அப்ப சரி” என்று இடுப்பில் கயிறைக் கட்டிக்கொண்டான். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். மீன் ஓடுகிறதே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் விட்ட மீனை நானே நம்பினேன்.

அவன் பாதி ஆழம் போயிருப்பான், கேட் சத்தம். அவள்தான். லீவு நாளில், வேலைச் சட்டை இல்லாமல், வெறும் புடவையில் மூச்சு வாங்க வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே இறங்குகிற ஆளுக்கு முன்னால் மீனைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“இது நம்ம மீனு இல்ல.”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நம்ம மீனுக்கு எங்க நிக்கணும்னு தெரியும். இதுங்க எடம் தெரியாம நடுவுல சுத்துது. நேத்தோ இன்னிக்கோ வுட்டது. யக்கா, நம்ம மீனு எங்க?”

நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து வந்துகொண்டிருந்த அவன் பேச்சு நின்றது. கயிறு கனத்தது. மச்சான்காரன், “மாமா! மாமா!” என்று கத்திக்கொண்டு தானும் இறங்கக் காலைத் தூக்கினான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். “நீயும் எறங்கினா ரெண்டு பொணம்டா! கயிற இயு!” மச்சான், அவள், நான், மாடி வீட்டு ஆட்கள் இரண்டு பேர், எல்லோரும் இழுத்தோம். மேலே வந்தபோது அவன் உதடெல்லாம் நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் விசிறிக்கொண்டிருந்தாள்.

பிழைத்துக்கொண்டான். பத்து நாள் ஆஸ்பத்திரி. கிணற்றுப் பக்கம் தோண்டிப் பார்த்ததில் எங்கள் கழிவுநீர்க் குழாய்தான் உடைந்து உள்ளே ஊறியிருந்தது. நல்லவேளை, அந்த கொசு அம்மா வந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மீன் மாறின விஷயம் யாருக்கும் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை.

ஒரு மாசம் கழித்து அவன் கயிறையும் கப்பியையும் எடுத்துப்போக வந்தான். வியாழக்கிழமை, அவளும் இருந்தாள். ஆள் இளைத்துப் போயிருந்தான், பேச்சு கொஞ்சம் தடுமாறியது.

“ஒண்ணுதான்மா எனக்குப் புரியல” என்றான். “என் கண்ணால மீனப் பார்த்தேன். நல்லா ஓடிகினு இருந்துச்சு. இருவது வருசமா மீனப் பார்த்துத்தான் எறங்கறேன், ஒருவாட்டிகூட மோசம் போனதில்ல. இனிமே மீன நம்பறதா இல்லம்மா. மெயுகுவத்திதான்.”

“ஒடம்பைப் பார்த்துக்கப்பா” என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவள் அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “யக்கா, அவன் நாளிக்கி வேற கெணத்துல எறங்குவான்” என்றாள். “மெயுகுவத்தி எல்லாக் கெட்ட காத்துக்கும் அணையாது. மீனுக்குத்தான் தெரியும். நீ மீன மாத்தி வுட்டத அவன் கைல சொல்லிடு. நான் சொன்னா அவன் மச்சான் வந்து இங்க பேஜார் பண்ணுவான். நீ போன் பண்ணி நைஸா சொல்லு. திட்டுவான். திட்டட்டுமே, உசுரு மேட்டர் இல்லியா?”

“சொல்லிடறேன்.”

போன் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் பண்ணினேன். “சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?” என்று அவன் எடுத்தானா, அந்தக் குரலில் அத்தனை மரியாதை. மாத்திரையை வேளாவேளைக்குப் போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவள் கேட்டாள். “சொல்ட்டியா யக்கா?”

“சொல்லிட்டேன்.”

தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனாள். ஃப்ரிட்ஜ் தட்டில் தண்ணீர் இல்லை என்று நான் சொன்னால் நம்பாதவள், இதை நம்பிவிட்டாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மறு வருஷம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“அந்த ஆளு போய்ட்டான் யக்கா. அடையாறுல ஒரு வூட்டுக் கெணறு. முந்தாநேத்து.”

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் போய்ப் பார்த்தேன். மீனெல்லாம் இன்னும் மேலயே வாயத் தொறந்துகினு நிக்குது. மச்சான்காரன் கேட்டானாம், இன்னா மாமா மீனு இப்பிடி நிக்குதேன்னு. மீனாவது மண்ணாவதுன்னுட்டு மெயுகுவத்திய உட்டானாம். அது ஜோரா எரிஞ்சிதாம். எறங்கிட்டான்.”

நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ சொல்லலன்னு இப்பத் தெரியுது. வுடு. எல்லார் வூட்லயும் மூடியத் தொறந்து பார்க்கறேன். அவன ஒரு வார்த்த போய்க் கேட்டுட்டு வந்திருக்கலாம். கேக்கல. என் தப்புதான்.”

என் தப்பு என்று அவள் சொன்னாள், கேட்கிறீர்களா? என்னைப் பார்த்து நாலு கேள்வி கேட்டிருந்தால், தெருவே கூடுகிறமாதிரி ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“அவன் சம்சாரம் என்னாண்ட கேட்டுகினே கீறா. மீனு மேல நின்னா எறங்கக் கூடாதுன்னு நல்லாத் தெரிஞ்ச மனுசன் ஏன் எறங்கினாருன்னு. அவரு புத்தி கெட்டுப்போய் செத்தாருன்னு ஊரு பேசுது, அவளுக்கு அதான் ஆறல. எனக்கு அவகிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியல. நீ வந்து சொல்லு யக்கா. நான் கூட இருக்கேன். வா.”

“இரு, செருப்பு மாட்டிக்கிட்டு வரேன்” என்று உள்ளே வந்தேன். புடவையைக்கூட மாற்றினேன். சாவியை எடுத்தேன். கதவுவரை வந்தேன்.

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபோது அவள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். வீட்டை எட்டிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் வருவேன் என்று ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனாள். அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி.

நான் போகவில்லை. அவன் ஏன் இறங்கினான் என்று அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது.